பழைய டொக்டரின் ஆட்கள்

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியை நான் பொறுப்பெடுத்த அன்று, எனக்கு முன்பிருந்த டொக்டர் சில பொருட்களை முறையாகக் கையளித்தார். அலுமாரித் திறப்புக் கொத்து, ஒரேயொரு வேகத்தில் மட்டும் சுற்றுகிற மின்விசிறி, மூடியில்லாத ஒரு தேத்தண்ணிக் கேத்தில், கடைசியாகத் தன் திங்கட்கிழமை ஆட்கள். "மிச்சமெல்லாம் உடைஞ்சாலும் பரவாயில்லை பிள்ளை, திங்கட்கிழமை ஆக்களைக் கவனமாப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு, ஓய்வு பெற்ற மனிதருக்குரிய சிரிப்போடு தன் ஊருக்குப் போய்விட்டார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. அடுத்த திங்கள் காலை விளங்கியது.

எங்கள் ஆஸ்பத்திரி பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகிற வீதியில் இருக்கிறது. வாசலில் ஒரு பாலைமரம். அன்று காலை அதன் கீழே ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து நின்றது. பின்னால் பூட்டியிருந்த பெட்டியில் விரித்த பாயில், ஒருவர் காலை இன்னொருவர் மடியில் நீட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி ஒரு கூட்டம் இருந்தது. கண்டாவளைப் பக்கத்து ஆட்கள். விசுவமடுவிலிருந்து சைக்கிளில் வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். எல்லாருக்கும் நாட்பட்ட நோ. இடுப்பு, முதுகு, தோள், முழங்கால். சிலருக்கு உடம்புக்குள் சண்டைக் காலத்து இரும்புத் துண்டு கிடந்தது, சிலருக்கு நாற்று நட்டு நட்டே முதுகு போயிருந்தது. எல்லாரையும் பழைய டொக்டர் பல வருடங்களாகத் திங்கள்தோறும் பார்த்து, குளிசையும் கொடுத்து, ஆளுக்கொரு ஊசியும் போட்டு அனுப்பியிருந்தார். இப்போது காணி, வீடு மாதிரி அவர்களும் என் பெயருக்கு மாறியிருந்தார்கள்.

அவர்களில் மூன்று பேரைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். லான்ட்மாஸ்டர் ஓட்டுகிற அண்ணைக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பொய்க்கால் போட்டிருக்கிறார். ஆனால் இல்லாத காலின் விரல்கள்தான் அவருக்கு நோகும். அதைச் சொல்லும்போது அவரே சிரிப்பார். இரண்டாவது ஆள், பெட்டியில் நடுநாயகமாக இருக்கிற அக்கா. அவாவின் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். கச்சான் கடலை பயிர் செய்கிறா. இடுப்பில் ஒரு துண்டு இருக்கிறது. எடுக்க முடியாத இடம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது ஆள், நானா என்று எல்லாரும் கூப்பிடுகிற முஸ்லிம் வியாபாரி. இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஊரூராகப் புடைவை மூட்டை சுமந்து தோள் இரண்டும் போய்விட்டன. கிளினிக் நாளிலும் மூட்டையோடுதான் வருவார். ஊசிக்குக் காத்திருக்கிற நேரத்தில் இரண்டு சீத்தைத் துணியாவது விற்காவிட்டால் அவருக்கு நோ குறையாது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அது என் தாய் வழியில் வந்த சொத்து. அந்த ஊசியில் பாதிக்கு மேல் வெறும் விற்றமின் என்று முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டேன். பழைய டொக்டர் மேல் ஆத்திரம் வந்தது. எல்லாரையும் கூப்பிட்டு, இது நோவுக்கு உரிய ஊசியே இல்லை, வெறும் விற்றமின் என்று நீட்டி முழக்கி விளங்கப்படுத்தினேன். எல்லாரும் மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள். கடைசியில் அந்த அக்கா சொன்னா:

"ஓம் டொக்டர். அந்த விற்றமின்தான் எங்களுக்குச் சரி."

ஊசியை ஒரேயடியாக நிற்பாட்டினேன். அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நல்லது, சண்டை எனக்குக் கைவந்த கலை. அவர்கள் எழும்பிப் போகாமல் நீள வாங்கிலேயே இருந்தார்கள். மத்தியானம் கடந்தும் இருந்தார்கள். இடையிடையே ஒருவர் வந்து, பழைய டொக்டர் என்றால் இந்நேரம் தோளில் கைவைத்து ஊசியைப் போட்டு அனுப்பியிருப்பார் என்று குற்றமாகவும் இல்லாமல் குறையாகவும் இல்லாமல் சொல்லிவிட்டுப் போவார். போகும்போது முருங்கைக்காய் தருவார்கள். ஒரு மனிதரோடு கோபப்பட்டுக்கொண்டிருக்கும்போது அவர் முருங்கைக்காய் தந்தால் என்ன செய்வது? என் அறையில் முருங்கைக்காய் குவிந்தது.

அதற்குப் பிறகு வேறு வழியில் இறங்கினேன். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி குளிசையை மாற்றினேன். ஒருவருக்குக் கூட்டி, ஒருவருக்குக் குறைத்து, இன்னொருவருக்குப் புதிதாகத் தொடங்கி, புத்தகங்களைப் புரட்டி, வவுனியாவில் வேலை செய்கிற என் சிநேகிதியிடம் தொலைபேசியில் கேட்டு, நூல் பிடித்த மாதிரிச் செய்தேன். நோவிலே ஒரு மாற்றமும் இல்லை. இருந்த மாற்றங்களும் விசித்திரமாக இருந்தன. குளிசை கூட்டியவருக்கு நோ கூடும். குறைத்தவர் துள்ளிக்கொண்டு வருவார். நானாவுக்கு வயிற்றெரிவு. நான் அவருக்கு வயிற்றை எரிக்கிற ஒன்றுமே கொடுக்கவில்லை. அக்காவுக்குத் தலைச்சுற்று. காரணம் பிடிபடாமல், தலையை ஸ்கான் எடுத்துப் பார்க்க யாழ்ப்பாணம் வரை அனுப்பினேன். தலை தங்கம் மாதிரி இருக்கிறது என்று எழுதி அனுப்பினார்கள்.

இப்படியே ஒரு வருடம் போனது. திங்களில் மத்தியானச் சாப்பாடு என்பது எனக்கு மறந்தே போனது. கிளிநொச்சியில் நான் இருந்த வாடகை அறையில், ஞாயிறு பின்னேரம் ஆனதும் திங்களை நினைத்துக் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். வவுனியாவிலிருந்து அம்மா தொலைபேசி எடுத்தால் எரிந்து விழுவேன். அம்மா பாவம், சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருப்பா. நோகுது என்று யார் சொன்னாலும், என்னைப் பார்த்துக் குற்றம் சொல்வதுபோலக் கேட்டது. பிறகு என் கழுத்தும் பிடித்துக்கொண்டது. வலது பக்கம் திரும்ப முடியாது. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எனக்குத் தெரிய வந்தது. தெரிந்தும் இரக்கம் வரவில்லை, இன்னும் எரிச்சல்தான் வந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. நோயாளியைப் பார்த்து எரிச்சல் படுகிற டொக்டராக ஆயுள் முழுவதும் இருக்க நான் படிக்கவில்லை. வவுனியாவுக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்தேன். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அது தெரியும். ஆகவே பெட்டிக்கும் தெரியும். ஆனால் அவர்கள் யாரும் என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

பிறகு அந்தத் திங்கள் வந்தது. கிளினிக் முடிந்து திரும்பும் வழியில் என் ஸ்கூட்டிக்குக் காற்றுப் போய்விட்டது. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல், உச்சி வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்கூட்டியைத் தள்ளினேன். பின்னால் லான்ட்மாஸ்டர் சத்தம் கேட்டது. மனதுக்குள், கடவுளே, இவர்கள் வேண்டாம், வேறு யாராவது வரட்டும் என்று கும்பிட்டேன். அவர்கள்தான். அண்ணை நிற்பாட்டி, ஸ்கூட்டியைத் தூக்கிப் பெட்டியில் போடச் சொன்னார். இடுப்பு நோ, தோள் நோ, முதுகு நோ என்று காலையில் என்னிடம் அழுதவர்கள் எல்லாரும் சேர்ந்து ஸ்கூட்டியை ஒரே தூக்காகத் தூக்கினார்கள். பிறகு என்னையும் ஏற்றினார்கள்.

பெட்டியில் அக்கா எனக்குத் தன் பக்கத்தில் இடம் தந்தா. நான் கழுத்தைப் பிடித்திருந்ததைக் கண்டுவிட்டா. எத்தனை நாளாக என்று கேட்டா. படுக்கும்போதா, எழும்பும்போதா என்று கேட்டா. நான் திங்கள்தோறும் கேட்கிற அதே கேள்விகள், அதே ஒழுங்கில். பிறகு பாய்க்குக் கீழேயிருந்து ஒரு பெரிய பால்மா தகரத்தை எடுத்து மடியில் வைத்து மூடியைத் திறந்தா.

தகரம் நிறையக் குளிசை. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சையும் மஞ்சளுமான கப்சியூல். எல்லாம் நான் எழுதிக் கொடுத்தவை. ஒவ்வொருவருக்கும் நூல் பிடித்து அளந்து கொடுத்தவை. அவா விரலால் கிளறி, ஒன்றைத் தேர்ந்து என் உள்ளங்கையில் வைத்தா.

"இது நல்ல குளிசை டொக்டர். கழுத்துக்கு நாங்கள் இதைத்தான் குடுக்கிறனாங்கள்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். மெல்ல மெல்ல விசாரித்தேன். மறைக்கவேண்டும் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. அவ்வளவு பெருமையாகச் சொன்னார்கள். கிளினிக் முடிந்ததும், சைக்கிளில் வந்தவர்களும் பெட்டியடிக்கு வந்து, ஆளாளின் குளிசைப் பைகளைத் தகரத்தில் கொட்டிவிடுவார்களாம். பிறகு அக்கா நிறம் பார்த்துப் பங்கிடுவா. வெள்ளை எலும்பு நோவுக்கு. இளஞ்சிவப்பு நித்திரைக்கு. கப்சியூல் பெரிய நோவுக்கு. நாற்று நடுகிற வாரம் வயலில் நிற்பவர்களுக்குப் பங்கு கூட. வீட்டில் கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு வைத்திருப்பவருக்கு இரண்டு கப்சியூல் அதிகம், ஆட்களை வரவேற்று நிற்கவேண்டுமே. அந்த வாரம் சும்மா இருக்கிறவர் விட்டுக்கொடுப்பார். யாரும் முகம் கோணுவதில்லை. இதெல்லாம் எப்போது தொடங்கியது என்று கேட்டேன்.

"சண்டை முடிஞ்சு முகாமிலை இருக்கேக்கை அரிசி, பருப்பு எல்லாம் ஒண்டாப் போட்டுத்தானே பங்கிட்டனாங்கள். குளிசை மட்டும் என்ன?" என்றா அக்கா.

முதலில் எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு வருடம்! ஒரு வருடமாக நான் ஒவ்வொருவருக்கும் குளிசையைக் கூட்டியதும் குறைத்ததும் விழலுக்கு இறைத்த நீர். இங்கே ஒருவர்கூடத் தன் குளிசையைத் தான் குடிக்கவில்லை. நானாவின் வயிறு எரிந்தது அண்ணைக்குக் கொடுத்த மருந்தால். அக்காவின் தலை சுற்றியது விசுவமடுவில் யாரோ ஒருவருக்கு நான் எழுதிய நித்திரைக் குளிசையால். அந்தத் தலையைத்தான் நான் யாழ்ப்பாணம் வரை அனுப்பிப் படம் பிடித்திருக்கிறேன். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை, சிரிப்பு வந்தது. கழுத்து நோக நோகச் சிரித்தேன். கண்ணீர் வழிந்தது. நிற்பாட்ட முடியவில்லை. பெட்டியில் எல்லாரும் முதலில் பயந்து பார்த்தார்கள். பிறகு நானா சிரிக்கத் தொடங்கினார். பிறகு எல்லாருமே சிரித்தார்கள், ஏன் என்று தெரியாமலே. அண்ணை முன்னாலிருந்து திரும்பிப் பார்த்து, டொக்டருக்கு எந்த நிறக் குளிசை கொடுத்தனீங்கள் என்று கேட்டார்.

அந்தச் சிரிப்பில் எனக்குப் பாதிச் சுகம் வந்துவிட்டது. என் வைத்தியம் தோற்றது, ஆகவே நான் தோற்றேன் என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேனே, என் வைத்தியம் இன்னும் தொடங்கவே இல்லை. எவ்வளவு பெரிய நிம்மதி அது. அன்று வீட்டுக்குப் போனதும் பழைய டொக்டருக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவருக்கும் தகரம் பற்றித் தெரியாது. அவர் சிரித்த சிரிப்பில் இருமல் பிடித்து, அவருடைய மனைவி தொலைபேசியை வாங்கி, யாரம்மா நீ, இவரை என்ன செய்தாய் என்று என்னிடம் கேட்டா. மூச்சு வந்ததும் அவர் ஒரு விஷயம் சொன்னார்.

"பிள்ளை, ஊசி போட ஒரு நிமிசம் காணும். கதைச்சுக் கேக்க அரை மணித்தியாலம் வேணும். எனக்கு அவ்வளவு பேரோடையும் கதைக்க நேரமில்லை. அதுதான் ஊசி."

அவர் மேல் எனக்கிருந்த ஆத்திரம் அத்தோடு போனது. அவரும் என்னைப்போல ஒரே ஆளாக நின்று, ஒரு வரிசையை முடிக்கப் பார்த்திருக்கிறார். அவருக்குக் கிடைத்தது ஊசி, எனக்குக் கிடைத்தது கழுத்து நோ. ஒவ்வொருவரோடும் தனித்தனியே அரை மணித்தியாலம் கதைக்க முடியாது என்பது சரி. ஆனால் இவர்கள்தான் ஒருபோதும் தனித்தனியே இருந்ததில்லையே. ஒரே பெட்டியில் வருகிறார்கள், ஒரே தகரத்தில் குளிசை குடிக்கிறார்கள். நான் மட்டும்தான் அவர்களை ஒவ்வொருவராகப் பிய்த்தெடுத்து உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த திங்கள், தாதியும் நானும் வெளிநோயாளர் மண்டபத்துக் கதிரைகளை இழுத்து வட்டமாகப் போட்டோம். தகரத்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு, கைக்குழந்தையைக் கொடுக்க மறுக்கிறவ மாதிரி இருந்தா. ஒருவர் மருந்து இன்னொருவருக்கு ஏன் நஞ்சு என்று விளங்கப்படுத்தினேன். நானாவின் வயிற்றையும் அவாவின் தலையையும் உதாரணம் காட்டினேன். நானா உடனே வயிற்றைத் தடவிக்கொண்டு அக்காவைக் குற்றமாகப் பார்த்தார். அவா தகரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தா. தகரத்தைத் தரலாம், ஆனால் இனி ஒருவருக்கு முடியாமல் வந்தால் தாங்கள் எதைக் கொடுப்பது என்று கேட்டா. நான் என்னிடம் வரச் சொன்னேன், திங்கள் வரை பொறுக்காமல் எந்த நாளும் வரலாம் என்றேன். அந்த ஒப்பந்தத்தின் பேரில் தகரம் கைமாறியது. அதைக் கழுவிக் காயவைத்து என் அலுமாரிக்கு மேலே வைத்தேன், மறுபடி வேலைக்குப் போகக்கூடாது என்பதற்காக.

பிறகு வட்டத்துக்கு ஒரு விதி வைத்தேன். எவ்வளவு நோகுது என்று யாரும் சொல்லக்கூடாது. போன திங்களுக்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்றுதான் சொல்லவேண்டும். நோவைப் பற்றிக் கதைக்காமல் ஒரு டொக்டரோடு என்ன கதைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் லான்ட்மாஸ்டர் அண்ணை, பொய்க்காலை நேராக வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கை உயர்த்துகிற பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார்.

"இந்தக் கிழமை விரல் நோகேல்லை எண்டு சொன்னால், என்னைக் கிளினிக்கிலை இருந்து வெட்டிப்போடுவீங்களோ?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் என்மேல் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருடமாக அவர்கள் என்னிடம் நோ குறையவில்லை என்று சொன்னது முழுவதும் நோவால் வந்த பேச்சில்லை. சுகமென்று சொன்னால் திங்கள் போய்விடும். பெட்டியில் இடம் போய்விடும். பாலைமரத்தின் கீழே குடிக்கிற பால் விடாத பிளேன்ரீயும், நானாவின் சீத்தைப் பேரமும், ஒருவரையொருவர் பார்க்கிற அந்த ஒரு நாளும் போய்விடும். யார்தான் சுகம் என்று சொல்வார்கள்? நானாக இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். சுகமானவர்களும் வரலாம், பாதிச் சுகமானவர்களும் வரலாம், நான் யாரையும் வெட்டமாட்டேன் என்று சொன்னேன். அண்ணை முகம் பூத்துப் போனது.

"அப்ப சொல்லுறன். நாலு நாளா நோகேல்லை."

அத்தோடு மடை திறந்தது. ஒருவர் வாளியில் தண்ணீர் அள்ளியிருக்கிறார். ஒருவர் பரந்தன் சந்தி வரை நடந்துபோய் மீன் வாங்கியிருக்கிறார், பஸ்ஸில் திரும்பியிருந்தாலும் போனது நடந்துதானே. நானா ஒரு கையை உயர்த்தித் தலை சீவிக்கொண்டதைச் செய்தே காட்டினார். அக்கா தன் முறை வந்ததும், கச்சான் பாத்தியில் குந்தியிருந்து ஒரு வரி முழுவதும் புல் பிடுங்கியதாகச் சொன்னா. சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. அவா குந்தி எத்தனை வருடம் என்று பெட்டியில் எல்லாருக்கும் தெரியும். யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். துடைத்த முகத்தோடு அவா என் பக்கம் திரும்பினா.

"டொக்டரும் வட்டத்திலைதானே இருக்கிறீங்கள். நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

யோசித்துப் பார்த்தேன். சொல்ல ஒன்றும் இல்லை. நான் செய்ததெல்லாம் எரிந்து விழுந்ததுதான். அடுத்த திங்கள் சொல்கிறேன் என்று தவணை கேட்டேன். அந்த வாரம் சொல்வதற்காகவே ஒரு காரியம் செய்யவேண்டியிருந்தது. அடுத்த திங்கள், மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கதிரையில் இருந்து சாப்பிட்டேன் என்று சொன்னேன். எனக்கும் கை தட்டினார்கள். அதற்கு அடுத்த முறை, ஞாயிறு அம்மாவோடு கோபமில்லாமல் கதைத்தேன் என்று சொன்னேன். அதற்குக் கொஞ்சம் பலமாகவே தட்டினார்கள். என் அம்மாவை அவர்கள் கண்டதேயில்லை.

அதன் பிறகு திங்கள் ஒரு ஒழுங்குக்கு வந்தது. முறை வைத்துச் சிலரை மட்டும் அறைக்குள் தனியே ஆறுதலாகப் பார்ப்பேன், மற்றவர்கள் வட்டத்தில். கிளிநொச்சியிலிருந்து மாதம் ஒருமுறை உடற்பயிற்சி சொல்லித்தர ஒருவரை வரச் செய்தோம். அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை மிச்ச நாட்களில் தாதி பிடித்துக்கொண்டா. நிற்பாட்டிய ஊசியை மறுபடி தொடங்கினேன். கேட்பவருக்கு உண்டு என்று சொன்னேன். முதலில் எல்லாரும் கேட்டார்கள், பிறகு பாதிப் பேர், பிறகு நானா மட்டும். நானாவும் ஒருநாள் பேரம் சூடாக இருந்ததில் ஊசியை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கப்சியூலை ஒவ்வொருவராக, அவசரப்படாமல், சில மாதம் எடுத்துக் குறைத்தேன். எல்லாருக்கும் நோ போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அக்காவின் இடுப்பில் துண்டு இன்னும் இருக்கிறது. சில திங்களில் அவா பெட்டியில் படுத்தபடிதான் வருவா. முன்பென்றால் அதைக் கண்டதும் புத்தகங்களைப் புரட்ட அறைக்குள் ஓடுவேன். இப்போது நான் போய்ப் பெட்டியில் ஏறிப் பக்கத்தில் இருப்பேன். என்னால் இதை எடுக்க முடியாது அக்கா, ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வேன். அதற்கு மேல் ஒரு டொக்டர் செய்ய இருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் வயிறு நிறையச் சாப்பிட்டவளால்தான் செய்ய முடிகிறது.

என் கழுத்து எப்போது சுகமானது என்று எனக்கே தெரியாது. ஒருநாள் வலது பக்கம் திரும்பி யாருக்கோ பதில் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

அப்படி இருக்கையில், நான் மறந்தே போயிருந்த இடமாற்றம் சரிவந்தது. பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. வவுனியா, அம்மா வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரம். ஒரு வருடத்துக்கு முன்பு இந்தச் செய்தி வந்திருந்தால் தேங்காய் உடைத்திருப்பேன். இப்போது, பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாரோ சாப்பாட்டுக் கோப்பையை எடுத்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து என் முடிவைச் சொன்னேன். அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. திங்கள் வட்டத்தில் என் முறைக்கு ஒரு செய்தி வேண்டுமே என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் பட்டியலை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். திங்கள் காலை லான்ட்மாஸ்டர் வந்தபோது, முன்னால் மாவிலை கட்டியிருந்தது. யாருக்கோ கலியாணம் என்று நினைத்தேன். பெட்டியிலிருந்து பானை இறங்கியது, அண்டா இறங்கியது. நானா வீட்டு வட்டிலப்பம், அக்கா வறுத்த கச்சான், யாரோ சுட்ட பணியாரம். எல்லாரும் நல்ல உடுப்பு. வட்டமாக இருந்தபோது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் முறைக்கு ஒரு சொல்லில் முடித்தார்கள். நடந்தன், படுத்தன், சாப்பிட்டன். நானா ஒன்றும் விற்கவில்லை. மடியில் ஒரு பொதியை வைத்துக்கொண்டு, அதன் நூலை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். கடைசியில் அண்ணை என்னைப் பார்த்து, "இப்ப டொக்டரின்ரை முறை" என்றார்.

நான் அழகாகச் சொல்லவேண்டும் என்று நினைத்து வந்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது.

"இடமாற்றம் வந்தது. வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். நான் போகேல்லை" என்றேன்.

நானா தன் பொதியைப் பார்த்தார். உள்ளே எனக்குப் போர்த்துவதற்காக எல்லாருமாகச் சேர்ந்து எடுத்த பொன்னாடை. இருக்கிறதிலேயே திறமான துணி, சரிகைக் கரை. இப்போது இதை என்ன செய்வது என்று முழிபிதுங்க எல்லாரையும் பார்த்தார். போகாத ஆளுக்குப் பிரியாவிடை வைக்கலாமா என்று ஒரு வாதம் தொடங்கியது. சமைத்தது வீணாகக் கூடாது என்று ஒரு பக்கம். போர்த்தினால் போவது உறுதியாகிவிடும், அபசகுனம் என்று மறு பக்கம். வட்டிலப்பத்தை மட்டும் சாப்பிடலாம் என்று அண்ணை தீர்ப்புச் சொன்னார். அதற்குள் தாதி அழுதுகொண்டே சிரிக்கத் தொடங்கிவிட்டா. நானும்தான்.

அக்கா எழும்பி, இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என் அறைக்குள் போனா. அலுமாரிக்கு மேலிருந்த பால்மா தகரத்தை எடுத்து வந்தா. நானாவின் கையிலிருந்து பொன்னாடையை வாங்கி, மடித்து, தகரத்துக்குள் வைத்து மூடியை அமத்தினா.

"இது கிடக்கட்டும். போற அண்டைக்குப் போடுவம். எங்களுக்கு அவசரமில்லை."

அதன் பிறகு வட்டிலப்பம் சாப்பிட்டோம். நான் இரண்டு தரம் சாப்பிட்டேன்.

தகரம் இப்போதும் என் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. இடைக்கிடை ஒரு திங்களில், வட்டம் முடிந்ததும் அக்கா உள்ளே வந்து அதை எடுத்துத் திறந்து, பூச்சி அரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு மூடி வைப்பா. போன மாதம் கடையிலிருந்து புது அந்துருண்டை ஒரு பை நிறைய வாங்கி வந்து, எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிட்டுப் போனா.